நாவலைப் பரிந்துரைப்பது எப்படி?

‘அருமையான நாவல், அவசியம் படியுங்கள்’ என்று சொன்னால் கேட்பவர் தலையாட்டுவார்; அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. அந்த நாவலில் நமக்கு எது பிடித்தது, எந்த இடத்தில் பொறுமை தேவைப்படும், அது எப்படிப்பட்ட வாசகருக்கு ஒத்துவரும் என்ற மூன்றையும் சொல்லத் தெரிந்தால்தான் பரிந்துரை பயன்படும்.

முதலில், படித்து முடித்த சூட்டோடு சில வரிகள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம். அது பின்னட்டையிலேயே இருக்கும். மனத்தில் தங்கிவிட்ட ஒரு காட்சியையும் அது ஏன் தங்கியது என்பதையும் எழுதினால் போதும். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலை எடுத்துக்கொள்வோம். ‘சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தைச் சொல்லும் நாவல்’ என்ற குறிப்பு தவறில்லை; ஆனால் படிக்காதவரும் அதை எழுதிவிடலாம். வாழ்க்கையே போதும் என்று ஒடுங்கிக் கிடக்கும் ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் மணவாழ்க்கையைக் கண்ணீரோ அலங்காரமோ இல்லாமல் சொல்லும் இடம் எனக்குத் தங்கிய காட்சி. அதற்கு நான் எழுதியிருக்கும் குறிப்பு இது: ‘டீச்சரம்மா ஆறுதல் சொல்லவில்லை, தான் பட்ட பாட்டைச் சொல்கிறாள், அதைக் கேட்டு ஜமுனா எழுந்துகொள்கிறாள்.’ நாவலின் தொனி எப்படிப்பட்டது என்பதை இந்த ஒரு வரியிலிருந்தே கேட்பவர் ஊகித்துக்கொள்வார்.

அடுத்து, நாவலில் உள்ள இடைஞ்சலை மறைக்காதீர்கள். நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968) குமரி மாவட்டத்து இரணியல் வட்டாரப் பேச்சில் ஊறிய நாவல் என்பதால், தஞ்சாவூர்க்காரரோ சென்னைவாசியோ தொடக்க அத்தியாயங்களில் நிச்சயம் தடுமாறுவார். உரையாடல்களை வாய்விட்டுப் படித்தால் காது பழகிவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் புத்தகத்தை மூடிவைக்க மாட்டார். சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் (1966) இடைஞ்சல் வேறு விதமானது. தாமோதர ஆசான் சொல்லும் பழங்கதைகளில் மயங்கிப்போனவருக்கு, பின்பகுதியின் கடைத்தெருப் போட்டியும் நகராட்சித் தேர்தலும் சற்று வறண்டு தோன்றலாம். ஆசான் இல்லாமல் போன உலகம் எப்படி மாறுகிறது என்பதே அந்தப் பகுதியின் பொருள் என்று சொல்லிவைத்தால் ஏமாற்றம் குறையும்.

பெரும்பாலோர் சறுக்கும் இடம் ஆளைப் பார்க்காமல் நூலைச் சொல்வதுதான். ‘பொன்னியின் செல்வன்’ முடித்துவிட்டு ‘அடுத்து என்ன?’ என்று கேட்பவருக்கு உடனே இன்னொரு ராஜா ராணிக் கதையைக் காட்டுவது வழக்கம். அவருக்குப் பிடித்தது மன்னர்களா, பயணமும் ஆபத்துமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். பயணம்தான் என்றால் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை (1972) நான் கொடுப்பேன். இரண்டாம் உலகப்போர்க் காலத்துத் தென்கிழக்காசிய நகரங்களான மெடானிலும் பினாங்கிலும் அலையும் பாண்டியனிடம் வந்தியத்தேவனின் துணிச்சல் உண்டு, ஆனால் அவனுடைய உற்சாகம் கிடையாது. கல்கியிலும் கடற்புயல் வருகிறது, சிங்காரத்திலும் வருகிறது; இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்குத் தமிழ் உரைநடை எங்கிருந்து எங்கே போயிருக்கிறது என்று எவரும் விளக்க வேண்டியதில்லை. கொடுக்கும்போது, நாவல் நெடுக மதுரைப் பக்கத்து நினைவுகள் குறுக்கிடும், அவற்றைத் தாண்டிப் போக வேண்டாம் என்று மட்டும் எச்சரியுங்கள்.

திரைப்படமாகிவிட்ட நாவலுக்குத் தனி அணுகுமுறை வேண்டும். ‘அசுரன்’ (2019) பார்த்தவர், பூமணியின் ‘வெக்கை’ (1982) தனக்குத் தெரிந்த கதைதானே என்று ஒதுக்கிவிடுவார். படத்தில் தந்தை நடுநாயகம். நாவலோ கொலை செய்துவிட்டு ஓடும் பதினைந்து வயதுச் சிதம்பரத்தின் கூடவே நடக்கிறது. தகப்பனும் மகனும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து, கிடைத்ததைச் சமைத்துத் தின்று பேசிக்கொண்டிருப்பதே அதில் பெரும்பகுதி. இந்த வேறுபாட்டைச் சொன்னால் புத்தகம் கை மாறும்.

முடிவை எங்கும் சொல்லிவிடாதீர்கள். தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளைப் பற்றிப் பேசுவோர் பாபு, யமுனா விவகாரத்தையே பேசி முடித்துவிடுகிறார்கள், ரங்கண்ணாவிடம் பாபு சங்கீதம் கற்கும் பக்கங்களைச் சொன்னாலே போதும், ஆள் அகப்பட்டுவிடுவார்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு நாவலை மட்டும் சொல்லுங்கள். பத்துப் பெயர் கொண்ட பட்டியல் கைப்பேசியிலேயே கிடக்கும். சில வாரம் கழித்து ‘பிடித்ததா?’ என்று கேட்காமல், ‘எங்கே நிற்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். பேச்சுவழக்கில் இடறி நின்றவருக்கு அடுத்ததாகத் ‘தண்ணீர்’ சரியாக இருக்கும். ஒன்றுமே நடக்கவில்லை என்று சலித்து நின்றவரிடம் ‘வெக்கை’யைக் கொடுக்கலாம்.