பின் டிஃப் விகிதத்தை மாற்றினால் கார் பாயுமா? பட்டறைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃப் (டிஃபரென்ஷியல்) என்ற பல்சக்கரத் தொகுதியின் விகிதத்தை மாற்றுவதால் இஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறன்கூட அதிகமாகாது. செந்தூலிலும் செகாம்புட்டிலும் பட்டறை வாசலில் நிற்கும் இளைஞர்கள் இதை நம்புவதில்லை. "அண்ணே, 4.3 டிஃப் போட்டால் கெந்திங் மலையில் பறக்குமாமே?" என்று கேட்பார்கள். பறக்காது. ஆனால் சில கார்களில், சில சாலைகளில், ஓட்டும் சுகம் நன்றாகவே மாறும். உங்கள் கார் அந்த வகையா என்பதை ஒரு தாள், ஒரு பேனா, ஒரு சாக்பீஸ் கொண்டு நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

மைவி, சாகா வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை இல்லை. முன் சக்கரம் இழுக்கும் கார்களில் கடைசிப் பல்சக்கர ஜோடி கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அதை மாற்றுவது வேறு கதை, வேறு செலவு. நான் சொல்வது பின் சக்கரம் தள்ளும் வண்டிகளுக்கு: கேஇ70 கொரோலா, டாட்சன் 120ஒய், பழைய வால்வோ, ஹைலக்ஸ் போன்ற பிக்கப்.

முதல் படி: இப்போது என்ன விகிதம் இருக்கிறது?

இஞ்சின் பக்கமிருந்து வரும் நீண்ட ஷாஃப்டின் முனையில் பினியன் என்ற சிறிய பல்சக்கரம். அது சுழற்றுவது கிரவுன் வீல் என்ற பெரியதை. பெரியதில் 43 பல், சிறியதில் 11 பல் என்றால் விகிதம் 43 ÷ 11, அதாவது 3.909. சிறியதில் 10 பல் மட்டும் இருந்தால் 4.300. எண் கூடினால் இழுவை கூடும், அந்தந்த கியரில் எட்டும் வேகம் குறையும்.

முன்னால் இருந்தவர் எதை மாற்றினார் என்று பழைய காரில் யாருக்கும் தெரியாது. அதனால் எண்ணித்தான் பார்க்க வேண்டும். சமதளத்தில் காரை நிறுத்துங்கள். தரையில் இருக்கப்போகும் மூன்று சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இதில் சோம்பல் வேண்டாம், ஏனென்றால் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கையும் விடுவிக்கப்போகிறோம். ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி, அச்சுக்குக் கீழே ஸ்டாண்ட் வைத்துவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது.

தூக்கிய சக்கரத்திலும் ஷாஃப்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஒருவர் சக்கரத்தை 20 சுற்று சுற்றட்டும், இன்னொருவர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணட்டும். மறு சக்கரம் தரையில் அசையாமல் நிற்பதால் டிஃப் அந்தச் சுழற்சியைப் பாதியாக்கிவிடும். 20 சுற்று உள்ளே 10 சுற்றாகத்தான் கணக்கு. ஷாஃப்ட் 43 முறை சுற்றினால் விகிதம் 4.3. 39-ஐச் சற்றே தாண்டினால் 3.909. எல்எஸ்டி (இரு சக்கரமும் தனித்தனியாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃப்) பொருத்திய அச்சில் இந்த முறை சரிவராது; சக்கரமே சுற்ற மறுக்கும்.

இரண்டாம் படி: கணக்கு

இங்குதான் நேரம் செலவழிக்க வேண்டும். டொயோட்டா கொரோலா ஏஇ86-இல் வந்த டி50 கியர்பாக்ஸை எடுத்துக்கொள்வோம். கேஇ70-க்கு இஞ்சின் மாற்றுபவர்கள் பலர் இதைத்தான் தேடுகிறார்கள். அதன் விகிதங்கள்: முதல் கியர் 3.587, இரண்டு 2.022, மூன்று 1.384, நான்கு 1.000, ஐந்து 0.861. டயர் 185/60 ஆர்14. ஒரு சுற்றுக்குச் சுமார் 1.815 மீட்டர் உருளும்.

வட-தென் நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்திற்கு 1,833 மீட்டர். அதை 1.815-ஆல் வகுத்தால் சக்கரம் நிமிடத்திற்குச் சுமார் 1,010 சுற்று. அதை ஐந்தாம் கியரின் 0.861-ஆலும் டிஃப் விகிதத்தாலும் பெருக்குங்கள். 3.909 டிஃப்பில் இஞ்சின் சுமார் 3,400 ஆர்பிஎம்மில் (நிமிடத்திற்கு அத்தனை சுற்று) ஓடும். 4.300 போட்டால் சுமார் 3,740. ஈப்போ வரை இந்தக் கூடுதல் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். பெட்ரோலும் சற்று கூடத்தான் செய்யும்.

லாபம் என்ன? முதல் கியரில் இஞ்சினின் முறுக்குவிசை முன்பு 14 மடங்காகிச் சக்கரத்தை அடைந்தது, இப்போது 15.4 மடங்கு. எல்லா கியரிலும் அதே பத்து சதவீதம்.

பட்டறைப் பேச்சில் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கினாலே இழுவை 46 சதவீதம் கூடுகிறது. காசு செலவில்லை, கையை அசைத்தால் போதும். காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் கார் திணறுகிறது என்பவர்களில் பாதிப்பேருக்கு டிஃப் தேவையில்லை, கியரை இறக்கும் பழக்கம்தான் தேவை.

பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டரை எட்டும் நேரம் குறையும் என்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. இஞ்சின் 7,500 ஆர்பிஎம் வரை போகும் என்று வையுங்கள். 3.909 டிஃப்பில் இரண்டாம் கியரிலேயே சுமார் 103 வரை போகலாம். 4.300 போட்டால் சுமார் 94-இல் இரண்டாம் கியர் முடிந்துவிடும். நூறைத் தொட மூன்றுக்கு மாற்றியே ஆக வேண்டும். அந்த ஒரு மாற்றத்தில் போகும் நேரம், கிளம்பும்போது கிடைத்த லாபத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

மூன்றாம் படி: யாருக்கு இது தேவை?

பெரிய டயர் போட்ட பிக்கப்காரர்களுக்கு நிச்சயமாகத் தேவை. 265/65 ஆர்17 இருந்த இடத்தில் 285/70 ஆர்17 போட்டால் சக்கரத்தின் விட்டம் ஏழு சதவீதம் கூடுகிறது. அந்த அளவு இழுவை காணாமல் போகிறது. 3.909 இருந்தால் பழைய நிலைக்குத் திரும்ப 4.18 வேண்டும், கடையில் கிடைப்பது 4.10 அல்லது 4.30. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் முன் அச்சையும் அதே விகிதத்திற்கு மாற்ற வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கர இழுவையைப் போட்டால் இரண்டு அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி ஏதாவது ஒன்றை உடைக்கும்.

அதிக ஆர்பிஎம்மில்தான் உயிர் வரும் இஞ்சினை, விகித எண் குறைந்த அச்சில் பூட்டியவர்களுக்கும் பலன் தெரியும். உலு யாம் சாலை வளைவுகளில் இரண்டாம் கியர் மந்தமாகவும் முதல் கியர் அலறலாகவும் இருந்தால், பத்து சதவீதம் அந்த இடைவெளியைச் சரியாக நிரப்பும். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் தினமும் வேலைக்குப் போய் வரும் காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆட்டோ கியர் கார்களுக்கும் அப்படித்தான்.

நான்காம் படி: பாகம் வாங்குதல்

ஹாஃப்-கட் கடையில் (பழைய கார்களை வெட்டிப் பாகங்கள் விற்கும் கடை) வாங்கும்போது கிரவுன் வீலையும் பினியனையும் தனித்தனியாகப் பொறுக்காதீர்கள். இரண்டும் ஒன்றாகத் தேய்க்கப்பட்ட ஜோடி. ஒன்றை மாற்றினால் மற்றதோடு பொருந்தாது. பழைய டொயோட்டா அச்சுகள் பலவற்றில் பல்சக்கரங்கள் பூட்டிய நடுப்பகுதி முழுவதையும் முன்பக்கமாகக் கழற்றி எடுத்துவிடலாம். புதியவர்களுக்கு அதுவே உத்தமம்: உள்ளே எதையும் கலைக்காமல் அப்படியே வாங்கி மாட்டலாம். கிரவுன் வீலின் அளவும் அச்சுத்தண்டு முனையின் வரிப்பற்களின் எண்ணிக்கையும் உங்கள் அச்சோடு ஒத்துப்போக வேண்டும். பற்களில் விரல் வைத்துத் தடவிப் பாருங்கள். குழியோ, நீலம் பாரித்த சூட்டுத் தழும்போ இருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

ஐந்தாம் படி: பொருத்தும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பல்சக்கர ஜோடியை மட்டும் மாற்றுவதாக இருந்தால் வீட்டு வாசலில் செய்யக்கூடிய வேலை அல்ல. ஆனால் மெக்கானிக் சரியாகச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்க்கலாம். கிரவுன் வீலின் நான்கைந்து பற்களில் தடம் பார்க்கும் வண்ணப் பசையைத் தூரிகையால் மெல்லியதாகத் தடவிச் சுழற்றுவார். பினியன் அழுத்திய இடத்தில் பசை விலகி நீள்வட்டமான தடம் விழும். தடம் பல்லின் நடுவில் இருக்க வேண்டும். மேல் விளிம்பில் ஏறியிருந்தால் பினியன் தள்ளி நிற்கிறது. அடியில் இறங்கியிருந்தால் அதிகமாக உள்ளே நுழைந்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து, பினியன் பின்னால் வைக்கும் மெல்லிய தகடுகளை மாற்றுவதுதான். பற்களுக்கிடையே உள்ள தளர்வை டயல் கேஜ் என்ற நுண்ணளவுக் கருவியில் அளக்க வேண்டும். பல டொயோட்டா அச்சுகளுக்கு 0.13 முதல் 0.18 மில்லிமீட்டர். பசையும் கேஜும் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பின்னால் இருந்து வரும் ஊளைச் சத்தத்திற்கு ரேடியோவைக் கூட்டி வைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

கடைசிப் படி: எண்ணெயும் வேகமானியும்

ஜிஎல்-5 தர கியர் எண்ணெய் ஊற்றுங்கள். புதிய பல்சக்கரம் என்றால் முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, முதல் பயணத்தின் நடுவே ஒருமுறை நிறுத்தி ஆறவிடுங்கள். பிறகு எண்ணெயை வடித்து மாற்றுங்கள். வடித்த எண்ணெயில் மாவு போன்ற இரும்புத்தூள் இருப்பது இயல்பு, துண்டுகள் இருந்தால் திரும்பப் பட்டறைக்கு.

பழைய கார்களில் வேகமானி கியர்பாக்ஸின் வால்பகுதியிலிருந்து ஓடுகிறது. 3.909-இலிருந்து 4.300-க்கு மாறினால், நீங்கள் உண்மையில் 100-இல் போகும்போது முள் 110 காட்டும். கிலோமீட்டர் கணக்கும் அதே அளவு ஏறும். எதிர்த்திசையில் மாற்றியவர்களுக்கு முள் குறைத்துக் காட்டும், வேகத்துக்கான சம்மன் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். கைப்பேசியின் ஜிபிஎஸ் வேகத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். பல கியர்பாக்ஸ்களில் வேகமானிக்கான சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரத்தை, ஓரிரு பல் கூடுதலாக உள்ள இன்னொன்றோடு மாற்றினாலே இது சரியாகிவிடும்.