வாலிபர் ஊழியத்திலிருந்து இறையியல் கல்லூரிக்கு

கடலூரில் வாலிபர் கூட்டம் நடத்திவரும் மெனோனைட் என்ற கிறிஸ்தவச் சபைப் பிரிவைச் சேர்ந்த இளைஞர், இறையியல் படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன், வாலிபர்கள் கேட்டுத் தாம் பதில் சொல்லத் தடுமாறிய கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். இறைப்பணிக்கான அழைப்பைச் சோதித்தறிய இதைவிட நேர்மையான வழியை நான் அறியேன். மெனோனைட் சபைகளின் வேரான, 1525இல் சூரிக் நகரில் தொடங்கிய அனபாப்டிஸ்டு மரபினர், விசுவாசத்தை அறிக்கையிட்டவர்க்கே ஞானஸ்நானம் என்பதற்காக உயிரையும் கொடுத்தார்கள் என்பதால், அந்த வரலாற்றை முன்னதாகவே படித்திருப்பது மிகவும் நல்லது. பிறகு சபைப் போதகரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். தமிழில் பயில விரும்புவோருக்கு மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி உண்டு. ஆங்கிலம் கைவந்தவர்கள், மெனோனைட் சபைகளோடு நெடுநாள் உறவுள்ள புனே யூனியன் பிப்ளிக்கல் செமினரியை நாடலாம். புறப்படும் முன், கூட்டத்தை ஏற்று நடத்த ஒருவரைச் சில மாதங்களாவது உடனிருந்து பழக்கிவிடுங்கள்.