ஒயர் ஹெட்போனைத் தூக்கிப் போடாதீர்கள்: புளூடூத் ரிசீவரைப் போனோடு சேர்ப்பது எப்படி

2016-ல் ஐபோன் 7 வந்தபோது அதில் 3.5 மிமீ ஹெட்போன் ஜாக் இல்லை. அப்புறம் ஒவ்வொரு கம்பெனியாக அதை எடுக்க ஆரம்பித்ததில், நன்றாகப் பாடிக்கொண்டிருந்த எத்தனையோ ஒயர் ஹெட்போன்கள் அலமாரிக்குப் போய்விட்டன. அவற்றை வெளியே எடுங்கள். இயர்பட்ஸில் பேட்டரி போனால் பெரும்பாலும் அதோடு எல்லாமே போச்சு. ஒயர் ஹெட்போனையும் புளூடூத் ரிசீவரையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால், நாளைக்கு ரிசீவர் பழுதானாலும் அதை மட்டும் மாற்றினால் போதும், ஹெட்போன் அப்படியே இருக்கும்.

தீப்பெட்டி அளவில், பின்னால் ஒரு கிளிப்போடு வரும் பொருள்தான் இந்த ரிசீவர். போனிலிருந்து புளூடூத் வழியாக வரும் டிஜிட்டல் பாட்டை உள்ளே இருக்கும் டாக் சிப் மின் அலையாக மாற்றும், சின்ன ஆம்ப் அதைப் பெருக்கி உங்கள் ஹெட்போனுக்குத் தள்ளும். ஃபியோவின் பிடிஆர் வரிசை, க்யூடெலிக்ஸ் 5கே மாதிரியானவை இந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர்கள்.

வாங்கும்போது

கடையில் டிரான்ஸ்மிட்டர் என்று இன்னொன்றும் பார்க்க அதே மாதிரி இருக்கும். அது டிவியிலிருந்து சத்தத்தை எடுத்து புளூடூத் ஹெட்போனுக்கு அனுப்புவது, அதாவது நேர் எதிர் வேலை. நமக்கு வேண்டியது ரிசீவர். இரண்டு வேலையும் செய்வது என்றால் பக்கவாட்டில் ஒரு சுவிட்ச் இருக்கும், அது ஆர்எக்ஸ் (RX, அதாவது ரிசீவர்) பக்கம் இருக்க வேண்டும்.

விலை கூடிய மாடல்களில் வழக்கமான 3.5 மிமீ ஓட்டையோடு 2.5 அல்லது 4.4 மிமீ ஓட்டை ஒன்றும் இருக்கும். அது பேலன்ஸ்டு இணைப்புக்கானது, இடது வலது இரண்டுக்கும் தனித்தனி மைனஸ் கம்பி உள்ள கேபிள்தான் அதில் போக வேண்டும். சாதாரண ஹெட்போனை ஏதாவது அடாப்டர் போட்டு அதில் செருகினால் இரண்டு மைனஸும் ஒன்றாகி ஆம்ப் கெட்டுப்போகலாம். இதில் விளையாடவே வேண்டாம்.

ஹெட்போனின் மின் தடையை ஓமில் சொல்வார்கள், 16, 32 ஓம் ஹெட்போனுக்குப் பெரும்பாலும் எந்த ரிசீவரும் போதும். சென்ஹைசர் எச்டி 600 மாதிரி 300 ஓம் உள்ளதை வைத்திருப்பவர்கள் மட்டும் ஆம்ப் எவ்வளவு வோல்ட் தருகிறது என்று பார்த்து வாங்குங்கள்.

முதல் இணைப்பு

முழுசாக சார்ஜ் ஏற்றுங்கள். டைப் சி ஓட்டை இருந்தும் புது சார்ஜரில் போட்டால் விளக்கே எரியவில்லை என்றால் பயப்படாதீர்கள். சில மலிவான ரிசீவர்களில் சி முனையில் இருக்க வேண்டிய ரெசிஸ்டரை வைக்காமல் விட்டுவிடுவார்கள், அதனால் இரண்டு பக்கமும் சி உள்ள கேபிளில் சார்ஜர் மின்சாரமே தராது. ஒரு பக்கம் பழைய தட்டையான யூஎஸ்பி உள்ள கேபிளைப் போட்டால் ஏறிவிடும்.

அப்புறம் ஹெட்போனைச் செருகுங்கள், ஆனால் காதில் இன்னும் மாட்ட வேண்டாம். ரிசீவரின் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் விளக்கு வேகமாக மினுக்க ஆரம்பிக்கும் (பெரும்பாலும் சிவப்பும் நீலமும் மாறி மாறி), அதுதான் பேரிங் நிலை. போனில் புளூடூத் அமைப்புக்குள் போய் ரிசீவரின் பெயரைத் தொடுங்கள். பெயரே வரவில்லை என்றால் அது முன்பு சேர்த்த வேறு போனோடு போய் ஒட்டிக்கொண்டிருக்கும், அந்தப் போனில் புளூடூத்தை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

வால்யூம்

என்னைக் கேட்டால் கோடெக்கை (பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை, கீழே வருகிறது) விட முக்கியம் இதுதான், ஆனால் யாரும் கவனிப்பதில்லை. சில ரிசீவர்களில் போனின் வால்யூமும் ரிசீவரின் வால்யூமும் ஒன்றாகவே ஏறி இறங்கும், அப்படி என்றால் கவலை இல்லை. இரண்டும் தனித்தனியாக இருந்தால், போனில் கிட்டத்தட்ட முழுசாக வைத்துவிட்டு ரிசீவரில் அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். போனில் பாதியாகக் குறைத்தால் பாட்டின் விவரம் அங்கேயே குறைந்துபோய், ரிசீவரில் கூட்டும்போது பின்னணி இரைச்சலும் சேர்ந்து ஏறும். காதில் மாட்ட வேண்டாம் என்று சொன்னதும் இதற்காகத்தான், முதல் பாட்டு எந்த வால்யூமில் ஆரம்பிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாது.

ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு படியும் ரொம்பப் பெரிதாகத் தாவுகிறது என்றால், போன் விவரப் பக்கத்தில் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, அப்ஸல்யூட் வால்யூமை முடக்குங்கள். இரண்டு வால்யூமும் பிரிந்துவிடும்.

கோடெக்

பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறைதான் கோடெக். எஸ்பிசி என்ற கோடெக் எல்லாவற்றிலும் கட்டாயம் இருக்கும். ஐபோன் எஸ்பிசி, ஏஏசி இரண்டை மட்டுமே தரும், அதனால் ஐபோன்காரர்கள் எல்டாக் என்ற வேறு கோடெக்கைப் பெட்டியில் போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். ஆண்ட்ராய்டில் 2017-ல் வந்த 8.0-லிருந்து ஆப்டெக்ஸ், ஆப்டெக்ஸ் எச்டி, சோனியின் எல்டாக் எல்லாம் வந்தன, ஆனால் உங்கள் போனில் எது இருக்கிறது என்பது போன் செய்த கம்பெனியைப் பொறுத்தது. புளூடூத் பட்டியலில் ரிசீவர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரத்தைத் தொட்டால் எச்டி ஆடியோ என்ற சுவிட்ச் தெரியும், அதை ஆன் செய்யுங்கள்.

எல்டாக்கில் நொடிக்கு 330, 660, 990 கிலோபிட் என்று மூன்று வேகம். 990-ஐப் பிடித்து வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நடந்தால் பாட்டு விட்டு விட்டுத்தான் வரும். யூடியூப் மியூசிக் கேட்பவர்களுக்கு அங்கே கிடைப்பதே அதிகபட்சம் 256 கிலோபிட் என்பதால், 660 தாராளம்.

பாட்டு அறுபடுவதற்கு இன்னொரு காரணம் நம் உடம்புதான். புளூடூத் போகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பில் உள்ள தண்ணீர் நன்றாக உறிஞ்சும். போன் வலது பின் பாக்கெட்டிலும் ரிசீவர் இடது பக்கச் சட்டையிலும் இருந்தால் நடுவில் நீங்கள் நிற்கிறீர்கள். இரண்டையும் ஒரே பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

பேசும்போது

கால் வந்தால் சத்தம் திடீரென்று பழைய டெலிபோன் மாதிரி ஆவது பழுது இல்லை. மைக் வேலை செய்ய ஆரம்பித்ததும் புளூடூத் பாட்டு முறையிலிருந்து பேச்சு முறைக்கு மாறும், அதில் ஸ்டீரியோ கிடையாது. லேப்டாப்பில் மீட்டிங் என்றால் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கையே தேர்ந்தெடுங்கள், ஹெட்போனில் பழைய தரம் நிற்கும். மைக் பல மாடல்களில் ரிசீவரிலேயே இருக்கும், எனவே அதைப் பாக்கெட்டுக்குள் போட்டுவிட்டுப் பேசினால் எதிரில் இருப்பவருக்குத் துணி உரசும் சத்தம்தான் கேட்கும். சட்டைக் காலரில் மாட்டுங்கள்.

மல்டிபாயின்ட் உள்ள ரிசீவர் என்றால் வீட்டுப் போன், ஆபீஸ் போன் இரண்டையும் ஒரே நேரத்தில் சேர்க்கலாம். முதல் போனைச் சேர்த்ததும் மறுபடி பேரிங் நிலைக்குக் கொண்டுபோய் இரண்டாவதைச் சேருங்கள், அதன்பின் முதல் போனில் ரிசீவர் பெயரை இன்னொரு தடவை தொடுங்கள்.

வீடியோவில் உதடும் சத்தமும் பொருந்தாமல் போவதை யூடியூப் மாதிரி ஆப்கள் தாமாகவே சரிசெய்துகொள்ளும். விளையாட்டுகளில் அப்படி முடியாது, தாமதம் தெரியத்தான் செய்யும். யூஎஸ்பி டாக்காகவும் வேலை செய்யும் ரிசீவர் என்றால் கேபிள் போட்டுப் போனோடு நேராக இணைத்துவிடுங்கள், தாமதம் உணரவே முடியாத அளவுக்குக் குறைந்துவிடும்.

காரில் ஆக்ஸ் ஓட்டையில் செருகுவதற்கும் இதையே பயன்படுத்தலாம். அப்போது கார் சார்ஜரிலேயே ரிசீவரையும் போட்டால், இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு ரீங்காரம் ஸ்பீக்கரில் வரலாம். மின்சாரமும் ஆடியோவும் ஒரே எர்த்தில் சுற்றுவதால் வருவது அது. சார்ஜரைக் கழற்றிவிட்டு ரிசீவரின் சொந்த பேட்டரியில் ஓட்டுங்கள், சத்தம் உடனே நின்றுவிடும். சார்ஜ் ஏறிக்கொண்டேதான் கேட்டாக வேண்டும் என்றால், ஆக்ஸ் கேபிள் நடுவில் மாட்ட கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று கேட்டு வாங்குங்கள்.