ஆப்பிள் பஜ்ஜியில் மாவு கழன்றபோது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஜூலைக் குளிருக்குப் பிள்ளைகள் கேட்பது ஆப்பிள் பஜ்ஜிதான். இரண்டு தடவை கெட்டுப்போனது. மாவு எண்ணெயிலேயே கழன்றது, உள்ளே சொதசொதவென்று ஈரம்.

தப்பு சர்க்கரையில். வில்லைகளில் முன்கூட்டியே சர்க்கரை பிசறியதால் பழம் நீர் விட்டிருக்கிறது. ஈரத்தில் மாவு எப்படிப் பிடிக்கும்?

இப்போது மேற்கு கேப் மாகாணத்து எல்கின் பக்கம் விளையும் புளிப்பான பச்சை கிரானி ஸ்மித் ஆப்பிள்தான் வாங்குகிறேன். அரை சென்டிமீட்டர் வில்லைகளாக நறுக்கி, துணியால் ஒற்றி, வறண்ட மைதாவில் புரட்டிய பிறகே கரைத்த மாவில் முக்குகிறேன். இந்த மைதாப் புரட்டல்தான் உயிர். எண்ணெய் 180 டிகிரி, ஒரு ஈட்டுக்கு நாலு. கூட்டினால் சூடு இறங்கி எண்ணெய் குடிக்கும். சர்க்கரையும் பட்டைத்தூளும் பொரித்தெடுத்த சூட்டில் தூவுகிறேன். நேற்று மொறுமொறுவென்று வந்தது. அம்மா மூன்று சாப்பிட்டார்கள்.