அம்மிக்கு மார்கழி

எங்கள் வீட்டு ஆமைக்குப் பெயர் அம்மி. வந்த புதிதில் கூடத்து மூலையில் அம்மிக்கல் மாதிரியே உட்கார்ந்திருக்கும், அதனால் என் மனைவி வைத்த பெயர். அக்கா மகன் வெளிநாடு போகும்போது "ரெண்டு மாசம்தான் மாமா" என்று விட்டுவிட்டுப் போனான். நாலு வருஷம் ஆகிறது. ஆப்பிரிக்க சல்காட்டா ஜாதி, இப்போது 3 கிலோ 400 கிராம். முழுசாக வளர்ந்தால் 40 கிலோவைத் தாண்டும் என்பதை மட்டும் அவன் சொல்லவே இல்லை.

முதல் மார்கழியில் அது சாப்பிடவில்லை, நகரவில்லை. "அது குளிர்கால உறக்கம் அங்கிள், எங்க புக்ல இருக்கு" என்றான் கீழ்வீட்டுப் பையன். சரி, தூங்கட்டும் என்று நானும் நாலு நாள் விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால் மூக்கு நுனியில் சின்னதாக ஒரு நீர்க்குமிழி. மூச்சு விடும்போது பெரிசாகி, உடைந்து, மறுபடி வந்தது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஆட்டோவில் கூடையோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். நுரையீரலில் தொற்று. ஊசி போட்டுத் தேறிவர மூன்று வாரம் ஆனது.

அப்போதுதான் புரிந்தது, பையனுடைய புத்தகம் சொல்லும் உறக்கம் குளிர்தேசத்து ஆமைகளுக்கு. சல்காட்டா சகாராவின் தென்விளிம்பு ஆள்: செனகல், மாலி, சூடான் பக்கம். அதற்கும் சரி, தென்னமெரிக்காவின் சிவப்புக்கால் ஆமைக்கும் சரி, குளிர்கால உறக்கம் என்பதே கிடையாது. நம் வீட்டில் அசையாமல் கிடந்தால் அது தூக்கமல்ல, சூடு பத்தாமல் முடங்கிக் கிடக்கிறது.

மேலே போகும் முன் ஒன்று. உங்களிடம் இருப்பது முதுகில் நட்சத்திரக் கோடு போட்ட நம் ஊர் ஆமை என்றால், இதற்கு மேல் படிக்கவேண்டாம். அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, வீட்டில் வைத்திருப்பதே குற்றம். வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். சல்காட்டா மாதிரி வெளிநாட்டு ஆமைக்கு 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும். நான் செய்துவிட்டேன்.

"சென்னையில என்னங்க பெரிய குளிர்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயம்தான். மார்கழி விடியற்காலையில் 20, 21 டிகிரி, அவ்வளவுதான். ஆனால் டைல்ஸ் தரையில் வயிற்றை வைத்துப் படுக்கிற பிராணிக்கு அந்த 20 நாம் உணர்கிற 20 அல்ல. அதோடு ஐப்பசியிலிருந்து மழை, சுவரெல்லாம் ஓதம், அஞ்சாறு நாள் சேர்ந்தாற்போல வெயிலே தலைகாட்டாது. சல்காட்டா காய்ந்த குளிரைக் கொஞ்சம் தாங்கும், ஈரக்குளிரைத் தாங்கவே தாங்காது. ஆகவே சென்னைக்காரர்கள் முதலில் விரட்டவேண்டியது ஈரத்தை. ஏ.சி. ஓடும் அறையில் வைப்பதெல்லாம் பேச்சுக்கே இடமில்லை.

இனி பெட்டி. நான் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன். பழைய கட்டில் பலகையை அறுத்து நாலடி நீளம், இரண்டரை அடி அகலத்தில் பெட்டி அடித்தேன். மேல்பக்கம் பாதி மூடி, பாதி வலை. தரையில் முதலில் தெர்மாகோல் அட்டை, அதற்கு மேல் பலகை, அதற்கும் மேல் மூன்று விரல் கனத்துக்கு கோகோபீட், அதாவது தென்னை நார்த்தூள். மணல் போடாதீர்கள், இரையோடு சேர்த்து முழுங்கும், குடல் அடைக்கும். கோரைப்பாயும் வேண்டாம். அம்மி ஒரு பாயின் ஓரத்தைத் தின்று, மறுநாள் ஒரு முழம் நூலை நான் வெளியே... சரி, அந்தக் கதை வேண்டாம்.

சூடு எப்போதும் மேலேயிருந்து வரவேண்டும், சூரியன் மாதிரி. மீன் தொட்டிக் கடை ஒன்றில் சூடாகும் கல் என்று ஒன்றைத் தலையில் கட்டினார்கள். ஆமைக்கு அடிவயிற்றில் சுடுவது சட்டென்று உறைக்காது, அப்படியே கிடக்கும். இரண்டு நாளில் அடி ஓட்டில் பழுப்பாய் ஒரு தழும்பு. கல் அன்றே குப்பைக்குப் போனது. பகலுக்கு 100 வாட் குண்டு பல்ப் போதும். எல்.இ.டி. வந்தபின் அதைத் தேடித்தான் வாங்கவேண்டியிருக்கிறது, ஆனால் கிடைக்கிறது. இரவுக்கு வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர். சிவப்பு பல்ப் போட்டால் அதன் தூக்கம் கெடும்.

ஹோல்டர் பீங்கானில்தான் இருக்கவேண்டும். பிளாஸ்டிக் ஹோல்டரில் செராமிக் ஹீட்டரை மாட்டினால் இளகிக் கீழே விழும், கீழே இருப்பது காய்ந்த நார். சங்கிலியில் தொங்கவிடுங்கள், கூடவே இன்னொரு சங்கிலி உபரியாக. ஓட்டின் முதுகிலிருந்து ஒன்றேகால் அடி இடைவெளி. சுற்றி கம்பிவலைக் கூண்டு. எர்த் கம்பியை வெட்டி விடுகிற பழக்கம் யாருக்காவது இருந்தால் இங்கே வேண்டாம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் முட்டை பொரிக்கும் இன்குபேட்டருக்கு விற்கும், சூடு பார்த்துத் தானே அணைத்துப் போடும் தெர்மோஸ்டாட் கிடைக்கும், அதுவே ஆமைக்கும் சரியாக வேலை செய்யும். சென்சார் முனையை ஆமையின் முதுகு உயரத்தில், சூடான பக்கத்தில், ஆனால் பல்புக்கு நேர்கீழே இல்லாமல் கட்டுங்கள். எங்கள் வீட்டுக் கணக்கு: பல்புக்கு அடியில் 35, 36 டிகிரி, மறுகோடியில் 27, இரவில் 25க்குக் கீழே விடுவதில்லை. இரண்டு கோடிக்கும் வித்தியாசம் இருந்தே ஆகவேண்டும், தனக்கு வேண்டிய இடத்தை ஆமையே தேர்ந்துகொள்ளும். அளக்க, கொரோனா காலத்தில் நெற்றிக்கு நீட்டிய துப்பாக்கி உதவாது, அது மனித உடம்புச் சூட்டுக்கு மட்டும். மோட்டார் சூடு பார்க்கும் லேசர் துப்பாக்கி வாங்குங்கள். கரண்ட் செலவு? 100 வாட் பத்து மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். தெர்மோஸ்டாட் இருப்பதால் அதுவும் முழுசாக ஓடாது.

மழை விட்டுப் பளிச்சென்று வெயில் அடித்தால் பெட்டியை மறந்துவிட்டு மொட்டைமாடிக்குத் தூக்கிப் போய்விடுவேன். காலை பத்தரையிலிருந்து ஒரு மணி நேரம். ஓடு வளர, எலும்பு கெட்டிப்பட வெயிலில் இருக்கும் யுவிபி என்ற புற ஊதாக் கதிர் வேண்டும், அது ஜன்னல் கண்ணாடி வழியாக வராது. கண்ணாடிக்குப் பின்னால் வெயில் காய்வது வெறும் கதகதப்புதான். ஒதுங்க ஒரு நிழல் இருக்கட்டும், பக்கத்தில் ஆள் இருக்கட்டும், காக்கா சும்மா விடாது. வாரக்கணக்கில் மழை பிடித்துக்கொண்டால் யுவிபி டியூப் போடுகிறேன். வெளிச்சம் எரிந்துகொண்டே இருந்தாலும் ஒரு வருஷத்துக்குள் அதன் சத்து தீர்ந்துவிடும், மாற்றவேண்டும்.

சாப்பாட்டில் ஒரே விதி: உடம்பு சூடேறாத ஆமைக்கு இரை வைக்காதே. வெளிச்சூடு இல்லாமல் அதற்குச் செரிக்காது. காலை ஏழுக்கு பல்ப், எட்டரைக்குமேல் புல். அருகம்புல், செம்பருத்தி இலை, முருங்கைக்கீரை, முள் சீவிய சப்பாத்திக்கள்ளி. கால்சியத்துக்குக் கணவாய் ஓடு, நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கொடுப்பார்கள். பழம் கூடாது. எதிர்வீட்டு மாமி "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று வந்த அன்றே சொன்னவர். இப்போது மாலை போட்டவர் வீட்டு பூஜை வாழைப்பழத்தை ஒளித்து ஒளித்து ஊட்டுகிறார். அடுத்த நாள் வயிற்றுப்போக்கு எனக்குத்தானே தெரியும்.

வாரம் இரண்டு தரம் குளியல். கைக்குழந்தைக்கு விளாவுகிற சூடு, முழங்கையை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தாடைக்குக் கீழே நிற்கவேண்டும். பதினைந்து நிமிஷம். உள்ளேயே தண்ணீர் குடிக்கும், மலமும் வெள்ளையாகச் சுண்ணாம்பு போன்ற மூத்திர உப்பும் கழியும். துடைக்கும்போது தொடை இடுக்கை விடாதீர்கள், ஈரம் அங்கேதான் தங்கும். பிறகு நேராக பல்புக்கு அடியில். குழந்தைக்குப் போடுவதுபோல் சாம்பிராணி போடலாமா என்று என் மனைவி கேட்டாள். கூடவே கூடாது, கொசுவர்த்திச் சுருளும் கூடாது. ஆமைக்கு நம்மைப்போல் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசை இல்லை, நம்மைப்போல் இருமிச் சளியைத் தள்ள அதற்கு வழியில்லை.

நடக்கவைப்பது சுலபம். டைல்ஸில் கால் வழுக்கிப் பரத்திக்கொள்ளும், அதனால் கூடம் முழுக்கக் கோணி விரித்துவிடுவோம். கீரையை ஒரே தட்டில் வைக்காமல் மூன்று மூலையில், ஒன்றைச் செங்கல்லுக்குப் பின்னால் வைத்தால் அரைமணி நேரம் ரோந்து போகும். கவிழ்த்த பூந்தொட்டியை முட்டித் தள்ளுவது அதற்கு ஒரு வேலை. சிவப்பு எதைக் கண்டாலும் பூ என்று நினைக்கும். தீபாவளிக்கு வந்த மகள் கால்விரலில் நகப்பூச்சோடு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அம்மி இரண்டு நாள் நடக்காத நடையை அன்று நடந்து, கட்டைவிரலை நிதானமாக முகர்ந்து, வாயைத் திறந்தது. வீடே அலறியது.

கரண்ட் போனால்? 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல், எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டரின் 150 ஏஹெச் பேட்டரியில் 100 வாட் ஹீட்டரை மட்டும் ஓட்டினால், நஷ்டம் போக பத்து மணி நேரம் வரும், அதுவும் பேட்டரி புதுசாக இருந்தால். அப்புறம் மீன்கடைத் தெர்மாகோல் பெட்டிதான் காப்பாற்றியது. மூடியில் நாலு ஓட்டை, உள்ளே பழைய போர்வை, ஓரத்தில் இடுப்பு வலிக்கு வைக்கும் வெந்நீர்ப் பை, துண்டில் சுற்றி. நாலு மணி நேரத்துக்கொருமுறை கேஸ் அடுப்பில் தண்ணீர் காய்ச்சினோம். மூன்று நாளும் இரை கொடுக்கவில்லை. ஆரோக்கியமான ஆமைக்கு மூன்று நாள் பட்டினி ஒன்றும் செய்யாது, குளிர்ந்த வயிற்றில் புல் கிடந்து புளிப்பதுதான் ஆபத்து.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பையில் போட்டுக் கொக்கித் தராசில் எடை பார்த்துக் காலண்டரில் எழுதுகிறேன். இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினாலோ, மூக்கில் குமிழியோ, கழுத்தை நீட்டி வாய் திறந்து மூச்சோ தெரிந்தாலோ அன்றே டாக்டர். வீட்டிலிருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் வேலை வேண்டாம்.

சிவராத்திரியோடு குளிர் சிவசிவா என்று போய்விடும் என்பார்கள். அன்றைக்கு மறுநாள் செராமிக் ஹீட்டரைக் கழற்றி, செய்தித்தாளில் சுற்றிப் பரணில் போட்டுவிடுவேன். குண்டு பல்ப் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும்.