களையாத அரிசியில் ரிசோட்டோ
கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டில் அரிசியை மூன்று தண்ணீர் விட்டுக் களையாமல் உலையில் போட்டால் அத்தைக்குப் பொறுக்காது. முதல் தடவை ரிசோட்டோ என்ற இத்தாலியக் குழைவுச் சோறு செய்தபோது பழக்கதோஷத்தில் நானும் அதற்கான அரிசியை நன்றாகக் கழுவிவிட்டேன். கடைசியில் கிடைத்தது வெண்ணெய் போட்ட சோறு. ரிசோட்டோவின் குழைவுக்குப் பாலேடு காரணமில்லை, அரிசியின் மேலிருக்கும் மாவுதான் காரணம். அதை நான் வாழைக்கு ஊற்றியிருந்தேன்.

ஆர்போரியோ என்பது வட இத்தாலியில் ஓர் ஊர். அந்தப் பெயர்தான் இந்தக் குண்டு அரிசிக்கும். கார்னரோலி என்ற இன்னொரு இத்தாலிய ரகம் கிடைத்தால் இன்னும் நல்லது, சட்டென்று குழையாது. கோயம்புத்தூர் போகிறவர்களிடம் சொல்லிவிட்டு வாங்குகிறேன். நம் பாலக்காட்டு மட்டை அரிசி ஆகாது. புழுங்கல் என்பதால் மாவு இறுகிப்போயிருக்கும், வெளியே விடாது.

மூன்று பேருக்கு 250 கிராம் அரிசி, 60 கிராம் வெண்ணெய், துருவிய பார்மேசான் சீஸ் 50 கிராம், ஒரு வெங்காயம். கேரட், வெங்காயம், மிளகு போட்டு 40 நிமிடம் கொதிக்கவிட்டு வடித்த காய்கறிச் சாறு ஒரு லிட்டர். சாறு பக்கத்து அடுப்பில் சிறு தீயில் சூடாகவே இருக்கட்டும். ஆறியதை ஊற்றினால் வேகிற அரிசி அப்படியே அடங்கிவிடும். சீஸிலேயே உப்பு உண்டு, அதனால் சாற்றில் உப்பைக் குறைத்துப் போடுங்கள்.

பாதி வெண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தைச் சிவக்காமல் வதக்குங்கள். கடுகு தாளிக்கக் கை பரபரக்கும், வேண்டாம். அரிசியைக் களையாமல் போட்டு இரண்டு மூன்று நிமிடம் வறுத்தால் ஓரம் கண்ணாடி மாதிரி ஆகும், நடுவில் வெள்ளைப் புள்ளி நிற்கும். இத்தாலிக்காரர்கள் இப்போது வெள்ளை ஒயின் ஊற்றுவார்கள். எங்கள் வீட்டில் அதற்கு வழியில்லை; கடைசியில் அரை மூடி எலுமிச்சை பிழிகிறேன்.

அப்புறம் சிரட்டை அகப்பையால் ஒரு அகப்பை சாறு. கிளறிக்கொண்டே இருங்கள். கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால் அது ஒரு கணம் நின்று மூடவேண்டும். அப்போது அடுத்த அகப்பை. சாறு முழுக்கச் செலவாகவேண்டும் என்றில்லை. 15 நிமிடம் ஆனதும் ஒரு பருக்கையைக் கடித்துப் பாருங்கள். வெளியே மெத்தென்று, நடுவில் துளி விறைப்பு இருந்தால் அடுப்பை அணைத்துவிடுங்கள். 18 நிமிடத்துக்குள் அந்தப் பதம் வந்துவிடும். "இன்னும் ரெண்டு நிமிஷம் விடு கண்ணு" என்று பின்னாலிருந்து குரல் வரும். விடாதீர்கள்.

அணைத்த பிறகு மீதி வெண்ணெயைக் குளிர்ச்சியோடு போட்டு, சீஸையும் சேர்த்து ஒரு நிமிடம் வேகமாக அடித்துக் கிளறுங்கள். தட்டில் போட்டுச் சாய்த்தால் அலைபோல மெல்ல நகரணும். பொங்கல் மாதிரி குவிந்து நின்றால் இன்னும் அரை அகப்பை சாறு. சுத்த சைவக்காரர்கள் கவனிக்க: அசல் பார்மேசானில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்க்கிறார்கள். அட்டையைப் படித்து வாங்குங்கள்.

சுடச்சுடச் சாப்பிட்டுவிடணும், ஆறினால் இறுகிவிடும். அத்தை முதல் வாயிலேயே "அரைவேக்காடு" என்றார். அப்புறம் கடுமாங்காய் ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.