டெல்லியில் இருந்துகொண்டு தமிழகக் கலை வரலாற்றில் பிஎச்.டி.

டெல்லிக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகள் பலருக்குச் சோழர் செப்புத் திருமேனிகள்மேல் ஒரு கண் இருக்கும். நல்ல தலைப்புதான். ஆனால் அந்தச் சிலைகளைக் கிட்டத்தில் நின்று பார்க்க முடியுமா என்பதை முதலில் விசாரித்துவிடுங்கள்.

பூசையில் உள்ள உற்சவர் பட்டும் பூவுமாக இருப்பார். இடையணி, பூணூல் ஓடும் விதம், முதுகுப்பக்கச் சிரச்சக்கரம் (தலைக்குப் பின்னுள்ள வட்டம்) என்று காலத்தைக் கணிக்க உதவும் அத்தனையும் துணிக்குள் போய்விடும். திருமஞ்சனத்தின்போது கொஞ்ச நேரம் பார்க்கலாம். படமெடுக்க அநேகமாக விடமாட்டார்கள். ஆகவே ஜன்பத் தேசிய அருங்காட்சியகம், குருகிராமில் அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனத்தின் படக் காப்பகம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய படங்கள் ஆகியவற்றில் உங்களுக்கு வேண்டியவை எத்தனை தேறும் என்று பார்த்த பிறகு ஆய்வுத் திட்டத்தை எழுதுங்கள்.

ஜேஎன்யுவின் (ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) கலை, அழகியல் புலத்தைத்தான் பலரும் முதலில் நினைப்பார்கள். ஜாமியா மில்லியாவையும் பாருங்கள். முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் கலை வரலாறு 'காட்சிக் கலை' பாடத்துக்குள் வருகிறது. அதன் மூலம் தரப்படும் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைக்காதவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்று கணக்கு. அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். ஜேஆர்எஃப் கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய்.

பலர் சறுக்குவது நெறியாளர் விஷயத்தில். பேராசிரியர் ஒரே நேரத்தில் ஆய்வு மாணவர்கள் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுபெற மூன்று ஆண்டுக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் சேர்க்க முடியாது. எவ்வளவு பெரிய அறிஞரானாலும் இடம் இல்லையென்றால் இல்லைதான்.

சேர்ந்ததும் குறைந்தது 12 கிரெடிட் பாடவேலை. அது முடியும்போதே கள அனுமதிக்கு எழுதிப் போடுங்கள். சில கோயில்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும், பல அறநிலையத் துறையின் கீழ். இரண்டின் கையும் உள்ள கோயிலுக்கு இரண்டு கடிதம் வேண்டும். கிளம்புமுன் அங்கே திருப்பணி நடக்கிறதா என்று கேளுங்கள். பாலாலயம் செய்து, அதாவது திருப்பணிக்காகத் தெய்வத்தைத் தற்காலிகமாக வேறிடத்துக்கு மாற்றியிருந்தால் சன்னதி மூடியிருக்கும், சுவரைச் சாரம் மறைத்திருக்கும். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். கல்வெட்டு எழுத்துக்கும் பக்கவாட்டில் வெயில் விழும் காலையோ மாலையோதான் தோது. ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் வையுங்கள், திசையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழ் வாசிக்கத் தெரிவது இங்கே பெரிய பலம். கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் இருப்பது ஆங்கிலச் சுருக்கம் மட்டுமே. முழுவாசகத்துக்குத் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளையோ மைப்படியையோ (கல்லிலிருந்து மை ஒற்றித் தாளில் எடுத்த படி) பார்க்க வேண்டும். கல்வெட்டின் ஆண்டையே சுவரின் ஆண்டாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். திருக்கோடிகாவல் கோயிலைச் சோழ அரசி செம்பியன் மாதேவி கற்றளியாக (கற்கோயிலாக) எடுத்தபோது பழைய சாசனங்களைப் 'பழங்கற்படி' (பழைய கல்லின் நகல்) என்று சொல்லியே புதுச்சுவரில் வெட்டவைத்தார். சுருக்கத்தை மட்டும் படித்தவர் அந்தச் சுவரைப் பல பத்தாண்டுகள் பழையதாகக் கணித்துவிடுவார்.

ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மெய்க்கீர்த்திகளை (கல்வெட்டில் அரசனின் புகழைச் சொல்லும் பகுதி) அப்படியே தரும்போது மேற்கோள் குறியும் தொகுதி எண்ணும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.